என்ஜின் நல்லாத்தான் இருக்கு, போர்டுதான் போச்சு

என் டீசல் கார் 2013 மாடல். ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, என்ஜினை இதுவரை யாரும் திறந்ததில்லை. கிளட்ச், புஷ், ஷாக் அப்சார்பர் என்று தேய்கிற சாமான்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். இப்படிப்பட்ட வண்டியை வாரக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தி வைத்தது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சர்க்யூட் போர்டு. கம்பெனி சர்வீஸில் சொன்ன எஸ்டிமேட்டைக் கேட்டு, பேசாமல் வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. பத்து வருடம் தாண்டிய கார் வைத்திருக்கிறவர்களுக்கும், இப்போது புதிதாக வாங்கி நீண்ட நாள் ஓட்ட நினைக்கிறவர்களுக்கும் உபயோகப்படும் என்று அந்தக் கதையை எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனி வண்டியிலும் இதே கதை நடக்கிறது.

கோயம்புத்தூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். முதலில் வைப்பர் தானாக ஒரு வீச்சு வீசி நின்றது. அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழும், கொஞ்ச தூரத்தில் எழுந்து வரும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸின் விளக்கு, ஏர்பேக் விளக்கு எல்லாம் சேர்ந்து எரிந்தன. வெயில் அடித்த நாளில் ஒன்றுமே இருக்காது, வண்டி பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை. சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் விளக்கு, அதாவது வேறு சாவி போட்டால் வண்டியைக் கிளப்ப விடாத பூட்டின் விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

டோ பண்ணி கம்பெனி சர்வீஸுக்குப் போனது. ஸ்கேனர் போட்டார்கள், தாள் நிறைய ஃபால்ட் கோடு, அதாவது பழுதுக் குறியீடு வந்தது. ஏபிஎஸ் யூனிட்டில் ஒன்று, ஏர்பேக் யூனிட்டில் ஒன்று, மீட்டர் கிளஸ்டரில் ஒன்று, என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் ஒன்று. முதலில் ஏபிஎஸ் மாட்யூலை, அதாவது அதற்கான எலக்ட்ரானிக் பெட்டியை மாற்றலாம் என்றார் சர்வீஸ் அட்வைசர். ஒரு நாள் கழித்து, இல்லை, விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாம் பார்த்துக்கொள்ளும் பாடி கண்ட்ரோல் மாட்யூல்தான், பிசிஎம் என்பார்கள், அதை மாற்ற வேண்டும், கூடவே ஈசிஎம்மும் சாவி செட்டும் மாற்றினால்தான் ஒத்துப்போகும் என்றார். மொத்தம் 70,000 ரூபாயைத் தாண்டியது. அதுவும் பழைய மாடல் என்பதால் பாகம் ஆர்டர் போட்டால்தான் வரும், எப்போது வரும் என்று எழுதித் தர முடியாது. வண்டியை அன்றைக்கு விற்றிருந்தால் என்ன விலை போயிருக்குமோ அதில் நல்ல பங்கு இந்த ஒரு பில்லுக்கே போயிருக்கும்.

அங்கிருந்து எடுத்து, எப்போதும் வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு வந்தது. அவர் கையை விரித்துவிட்டார். "நட்டு போல்ட்டுன்னா நான் பாத்துக்கறேனுங்க, இது நம்ம வேலையில்லீங்க" என்று சொல்லி ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும், முன்பு டைனமோ, செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தவர், இப்போது போர்டு வேலை மட்டும்தான். அவர் செய்த முதல் காரியம் ஸ்கேனரைத் தொடாமல் பேனட்டைத் திறந்து மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தது.

"ஏனுங்க, எர்த் யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லீங்ணா, ஸ்கேனர்தான் போட்டாங்க."

"எல்லாரும் அதைத்தான் போடறாங்க."

நான் கற்றுக்கொண்டதில் பாதி அவர் வேலை பார்த்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் பேட்டரி: வண்டி ஓய்ந்து நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் ரொம்ப விழுந்தால் மாட்யூல்கள் ஒவ்வொன்றாக மயங்கி எழும், அந்த நேரத்தில் ஒன்றைப் பற்றி ஒன்று பொய்க் கோடு எழுதி வைக்கும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி ஒன்றே நான்கு மாட்யூல் கெட்டுப்போன தோற்றத்தைத் தந்துவிடும். அடுத்து எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து என்ஜினுக்கு, டாஷ்போர்டுக்கு அடியில் பாடியோடு போல்ட் போட்ட இடங்கள். துரு ஏறியிருந்தால் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவ வேண்டும். காசே இல்லாத வேலை. என் வண்டியில் இந்த இரண்டும் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் அடுத்த இடத்துக்குப் போனார்.

அடுத்த இடம் தண்ணீர். டிரைவர் பக்கக் கார்பெட்டை ஓரத்தில் பிய்த்துக் கையை உள்ளே விட்டார். மேலே காய்ந்திருந்தது, அடியில் இருந்த பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது. நான் வண்டி நிறுத்துவது வேப்பமரத்தடியில். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில் மழைநீர் வடிய இரண்டு பக்கமும் ஓட்டைகள் உண்டு. வேப்பிலைச் சருகும் பூவும் மட்கி அதில் சேறு மாதிரி அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் ஒயரிங் உள்ளே நுழைகிற ரப்பர் வழியாகக் கசிந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, நேராக பிசிஎம் கனெக்டருக்குள் போயிருக்கிறது. தண்ணீர் ஒயர் வழியாக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும், வழியில் எங்கேயும் சொட்டாது. போர்டைக் கழற்றிப் பார்த்தால் கனெக்டர் பின்கள் பச்சை பூத்து, ஓரத்தில் ஒரு செப்புத் தடமே அரித்துப் போயிருந்தது.

ஸ்கேனர் ஏன் ஏபிஎஸ் மேல் பழி போட்டது என்று அப்போதுதான் புரிந்தது. இந்தக் காலத்துக் காரில் ஒவ்வொரு மாட்யூலும் கேன் பஸ் என்கிற இரண்டு ஒயரில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறது. 1980-களில் பாஷ் கம்பெனி கண்டுபிடித்த முறை, முறுக்கி வைத்த ஒரு ஜோடி ஒயர்தான். நடுவில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் மற்ற எல்லாரும் "எனக்குத் தகவல் வரவில்லை" என்று ஆளுக்கொரு கோடு எழுதுவார்கள். அந்தக் கோடுகள் பெரும்பாலும் யூ என்ற எழுத்தில் தொடங்கும். யூ கோடு நிறைய வந்தால் புகார் சொல்கிற மாட்யூலை மாற்றக் கூடாது, எல்லாரும் யாரைக் காணவில்லை என்கிறார்களோ அதைத் தேட வேண்டும். எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே ஓம் பார்த்தார். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் வர வேண்டும், 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் எங்கோ ஷார்ட். புது வண்டிகளில் சிலவற்றில் நடுவில் தகவலை வாங்கிக் கடத்துகிற கேட்வே மாட்யூல் உட்கார்ந்திருப்பதால் இப்படிப் பார்க்க முடியாது. என் வண்டியில் முடிந்தது, ஒயர் சரியாக இருந்தது.

இனி போர்டுதான் பாக்கி. இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. புதுப்பேட்டையில் இதே மாடல் கார் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பிசிஎம் 3,500 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று சென்னையில் இருக்கும் மச்சான் விசாரித்துச் சொன்னார். அதே பார்ட் நம்பர், அதே கனெக்டர். வாங்கி அனுப்பச் சொல்லப் போனேன். எலக்ட்ரீஷியன் சிரித்தார். மாட்டினால் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. காரணம், அந்த போர்டில் இருக்கும் ஒரு சின்ன மெமரி சிப்பில் அந்தப் பழைய காரின் சாவி விவரம், சேசிஸ் நம்பர், சில மாடல்களில் கிலோமீட்டர் கணக்கு உட்பட எழுதியிருக்கும். ஈசிஎம்மில் இருக்கும் விவரத்தோடு அது பொருந்தாவிட்டால் இம்மொபிலைசர் விடாது. நிலத்தைக் கிரயம் பண்ணிவிட்டுப் பட்டா மாறாமல் அலைகிற கதைதான், பொருள் உங்கள் கையில் இருக்கும், ஆனால் ஆவணத்தில் வேறு பெயர்.

ஆக, பழைய மாருதி 800-க்குப் பாகம் கிடைத்தால் வேலை முடிந்தது. இப்போது பாகம் கிடைப்பது பாதி வேலை, வண்டி அதை ஏற்றுக்கொள்ள வைப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்கான சாவி கம்பெனியிடம் இருக்கிறது. பிசிஎம்முக்கு மட்டும் இல்லை, இந்தக் காலத்துப் பல காமன் ரெயில் டீசல் என்ஜினில் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை மாற்றினால்கூட அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை ஈசிஎம்மில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஐடிலிங் நடுங்கும், புகை வரலாம். கேமரா வைத்த புது வண்டிகளில் முன் கண்ணாடி உடைந்து மாற்றினாலும் கேமராவைத் திரும்ப அளவீடு செய்ய வேண்டும், கண்ணாடிக் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

என் போர்டைக் கடைசியில் அவரே பழுது பார்த்தார். ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷால் பச்சையைத் தேய்த்து எடுத்தார். அரித்துப் போன தடத்துக்கு மேல் மெல்லிய ஒயரை ஜம்பராகப் பற்றவைத்தார். ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ரிலேயை மாற்றினார். கனெக்டரில் கெட்டுப்போன பின்களை மட்டும் எடுத்துப் புதிது கோத்தார். இதெல்லாம் செய்வதற்கு முன்னால் அந்த மெமரி சிப்பைப் படித்து அதிலிருந்த விவரத்தை லேப்டாப்பில் ஒரு ஃபைலாக எடுத்து வைத்துக்கொண்டார். போர்டு கைவிட்டால் புதுப்பேட்டை போர்டை வாங்கி இந்த ஃபைலை அதில் எழுதிவிடலாம், வண்டி தன் சொந்த போர்டு என்றே நினைக்கும். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். அந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லி வாங்கி, ஆர்சி புக் இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு விஷயம் கவனம்: இந்த வேலை தெரிந்த ஆளிடம் உங்கள் சாவி விவரமே இருக்கிறது என்று அர்த்தம். நம்பிக்கையான ஆள் இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

இதனால்தான் சொல்கிறேன், எந்த சர்வீஸிலும் மாட்யூல் மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். கெட்டுப்போன போர்டு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். போர்டு கெட்டிருந்தாலும் அதிலுள்ள சிப் பெரும்பாலும் நன்றாக இருக்கும், உங்கள் வண்டியின் அடையாளம் அதில்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் கிளைமில் மட்டும் பழைய பாகத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மற்றபடி அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்.

சாவியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது, ஒன்று போதும் என்று இருக்கிறவர்கள் இன்றைக்கே இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்கிற ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று சேர்ப்பது சுலபம், ஒன்றும் இல்லாமல் போனால் சில வண்டிகளில் ஈசிஎம் வரைக்கும் கழற்ற வேண்டி வரும். வாங்கும்போது சாவி நம்பரோ பின் நம்பரோ அச்சிட்ட சின்ன அட்டை அல்லது உலோக டேக் கொடுத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், வண்டிக்குள் வேண்டாம்.

2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். செக் என்ஜின் விளக்கு எரிந்தால் கோடு படிக்கும், கூலண்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ் காட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஓபிடி விதி கட்டாயப்படுத்துவது புகை சம்பந்தப்பட்ட விவரங்களைத்தான். ஏபிஎஸ், ஏர்பேக், பிசிஎம் உள்ளே போக அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனரோ, பல கம்பெனிக்கும் சேர்த்து விற்கும் விலையுயர்ந்த ஸ்கேனரோ வேண்டும். ஒரு பழக்கம் மட்டும் உபயோகமானது: ஃபால்ட் கோடுகளை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். சில ஷெட்டில் முதல் வேலையாக அழித்துவிட்டு "விளக்கு போயிடுச்சு, பாருங்க" என்பார்கள். அழித்தால் தடயமும் போய்விடும்.

கார்புரேட்டர் காலத்தை நினைத்து ஏங்குகிற ஆள் நான் இல்லை. மார்கழிக் குளிரில் சோக்கை இழுத்துக்கொண்டு நின்றதெல்லாம் போதும். ஏபிஎஸ் இல்லாத காரை மழையில் ஓட்ட எனக்கு இனி மனம் வராது. என் கோபம் எலக்ட்ரானிக்ஸ் மேல் இல்லை, அதைத் திறக்கிற உரிமையைப் பூட்டி வைத்திருப்பது மேல். நம் நாட்டில் இது பேசப்படாத விஷயமும் இல்லை. உதிரி பாகத்தையும் ஸ்கேனர் மாதிரி கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் இருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அப்புறம் மேல்முறையீடுகள் என்று இழுத்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனால் நான் பார்த்த வரை ஷெட்டில் நிற்கிற வண்டியைக் கிளப்பித் தந்தது அந்த எலக்ட்ரீஷியன் கையில் இருந்த சால்டரிங் அயர்ன்தான்.

விலை உயர்ந்த வண்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டெஸ்லா 2021-ல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. நடுவிலிருக்கும் டச் ஸ்கிரீனுக்குப் பின்னால் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று. கார் அதில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்ததால் சில வருடங்களில் சிப் தேய்ந்துபோனது. ஃபிளாஷ் மெமரிக்கு இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று கணக்கு உண்டு. சிப் போனதும் ஸ்கிரீன் இருண்டது, அதோடு ரிவர்ஸ் கேமரா படமும் போனது. திரும்ப அழைப்பதற்கு முன்பே அங்கேயும் சில வெளிக் கடைக்காரர்கள் முழு யூனிட்டை மாற்றாமல் அந்த சிப்பை மட்டும் கழற்றிப் புதிது பற்றவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரானாலும் கலிபோர்னியாவானாலும் வைத்தியம் ஒன்றுதான்.

எலியைப் பற்றியும் கொஞ்சம். மழைக்கு அப்புறம் எங்கள் ஏரியாவில் அதிக வண்டியைப் படுக்க வைப்பது அதுதான். சூடான பேனட்டுக்குள் ராத்திரி வந்து படுத்துக்கொண்டு ஒயரைக் கடிக்கிறது. புகையிலை, நாப்தலீன், ஸ்பிரே எல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பெரிதாக நிற்கவில்லை. ராத்திரி பேனட்டைத் திறந்தே விடுவதும், இடத்தை மாற்றி மாற்றி நிறுத்துவதும், காருக்குள் முறுக்கு பிஸ்கட் சிந்தாமல் இருப்பதும்தான் கொஞ்சம் கைகொடுத்தது. கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றித் தருவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்சார் ஒயரில் சின்ன ரெசிஸ்டன்ஸ் ஏறினாலே ஈசிஎம்முக்குப் போகும் கணக்கு மாறிவிடும். பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் டியூப் போட வேண்டும்.

இப்போது யாராவது பழைய கார் பார்க்கப் போகிறேன், கூட வாங்க என்றால் நான் என்ஜினைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் சாவியை ஆன் பண்ணி எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து அணைகிறதா என்று பார்ப்பேன், எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றி மறைத்திருக்கலாம். இரண்டு சாவியும் கேட்பேன், இரண்டாலும் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பேன். காசு கொடுத்தாவது எல்லா மாட்யூலையும் படிக்கிற ஸ்கேனர் ஒன்று போடச் சொல்வேன், கோடே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் நேற்று அழித்தார்களா என்று கேட்பேன். அப்புறம் கார்பெட் ஓரத்தைத் தூக்கி அடியில் கை விடுவேன், சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார்ப்பேன். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் முங்கிய வண்டிகள் எத்தனையோ ஊர்களுக்கு நல்ல பாலிஷோடு போயிருக்கின்றன. வெள்ளத்தில் நின்ற காரின் என்ஜினைக் கழுவி ஓட்டிவிடலாம், கனெக்டருக்குள் போன சேறு மாதக்கணக்கில் மெதுவாக அரித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வண்டி என்று சந்தேகம் வந்தால் 50,000 குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். போன மாதம் எதிர்வீட்டுத் தம்பிக்குப் பார்த்த காரில் சீட் பெல்ட் அடியில் மண் இருந்தது. புரோக்கர் "அது பழனி பாதயாத்திரை மண்ணுங்க" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.